பெர்க்மான்ஸ் ஆடாத ஆட்டங்கள்

தான் ஆடாத இறுதிப் போட்டியில் தான் ஆடுவதைப் பார்க்க, பெர்க்மான்ஸ் முகச்சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். திரையில் வரப்போகும் முகத்துக்கு இதெல்லாம் உதவாது என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் பெண் பார்க்கப் போகிறவனின் படபடப்பு நெஞ்சில் இருந்தது.

தூத்துக்குடி உப்பளங்களை ஒட்டிய உள்ளரங்கம் அது. மாடியில் ஒரு சிறிய அறை. சன்னலுக்கு வெளியே, பாதி உப்பளத்தில் உப்பும் மீதியில் சூரியத் தகடுகளுமாக, இரண்டும் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு மின்னின.

கொற்கை கடலோடிகள் வாலிபால் அணியில் பெர்க்மான்ஸ் இரண்டாவது செட்டர். எதிரணி அனுப்பும் பந்தை ஒருவர் வாங்கி மேலே தூக்கிவிட, அடுத்ததாக அதைத் தொட்டு, அடிப்பவன் கைக்கு வாகாக உயர்த்திக் கொடுப்பவன்தான் செட்டர். யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு உயரத்தில், எந்த வேகத்தில் என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்வது அவன் விரல்கள். ஆட்டத்தின் மூளை என்பார்கள். ஒரு அணிக்கு இரண்டு மூளை தேவைப்படாது. ஆகவே இரண்டாவது செட்டர் மூலையில் நிற்பான். முதலாமவனுக்குக் காயமே படாவிட்டால் அங்கேயே நின்று நரைத்துப்போவான். பெர்க்மான்ஸுக்குக் காதோரம் நரைக்கத் தொடங்கியிருந்தது. தளவாய்க்குக் காயமே பட்டதில்லை.

அரையிறுதியில் பட்டுவிட்டது. வலப்பக்கத் தோள் இறங்கி, தளவாய் இப்போது கையைத் தூளியில் போட்டுக்கொண்டு அதே அறையில், பெர்க்மான்ஸுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை சூரத் அணியோடு இறுதிச் சுற்று தொடங்குகிறது. மூன்று ஆட்டங்கள், இரண்டில் வென்றவருக்குக் கோப்பை. போட்டியிலிருந்து வெளியேறிவிட்ட அணிகளிடமிருந்து ஓர் ஆட்டக்காரரை வெள்ளிக்கிழமைக்குள் இரவல் வாங்கலாம் என்று விதி இருந்தது. இரவல் வாங்குவதா, பெர்க்மான்ஸை இறக்குவதா என்பதுதான் அன்றைய பேச்சு.

பயிற்சியாளர் சுடலைமுத்து, இதில் பேச என்ன இருக்கிறது என்ற கட்சி. இத்தனை வருசமாகத் தினமும் தன் கண் முன்னால் பந்து தூக்குகிறவன். அவனை எடைபோட ஒரு கூட்டமா என்று கேட்டார். மேலாளர் ரகோத்தமன் சென்னைக்காரர், நிதானமானவர். பயிற்சியில் எல்லாருமே நன்றாகத்தான் ஆடுவார்கள், ஆறாயிரம் பேர் கத்தும்போது இவர் கை என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும், முதலாளிகள் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்றார். அதுவும் நியாயம்தான். பெர்க்மான்ஸ் இதுவரை ஆடியதெல்லாம், ஏற்கெனவே வென்றுவிட்ட அல்லது தோற்றுவிட்ட ஆட்டங்களின் கடைசி நிமிடங்கள். அதை வைத்து ஒருவனை எடைபோட முடியாது. ஆடினால்தான் தெரியும், தெரிந்தால்தான் ஆடவிடுவார்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் மாற்றாட்டம் வந்திருந்தது. அதை இயக்குகிறவள் அஃப்ரின், காயல்பட்டினத்துப் பெண். என்ன செய்யும் இந்த எந்திரம் என்று தளவாய் கேட்டதற்கு, ரொம்பவும் சுருக்கமாகவே சொன்னாள்.

"ஒங்க எல்லார் சட்டையிலயும் உணரி நூல் இருக்குல்ல அண்ணே. கை எப்படிப் போகுது, முட்டி எப்ப மடங்குது, எல்லாத்தையும் அது எழுதிக்கிட்டே இருக்கு. பழைய மேட்ச்ல இருந்து ஒருத்தர எடுத்துட்டு இன்னொருத்தர வச்சா என்ன ஆயிருக்கும்னு இது ஆடிக் காட்டும். ஒரு ஆள் மாறுனா எதிராளியும் மாறுவான், ஸ்கோரும் மாறும்."

"எடுத்துட்டான்னா, எங்க வைக்கும்?" என்று தளவாய் கேட்டான்.

"எங்கயும் வைக்காது. அந்த மேட்ச்ல நீங்க இல்ல."

தளவாய் சிரித்தான். அஃப்ரின் தேர்ந்தெடுத்திருந்தது, இரண்டு பருவங்களுக்கு முன்னால் ஷில்லாங்கிடம் தோற்ற இறுதிப் போட்டியை. கடைசிப் பந்தைத் தளவாய் நடுவில் கொடுத்திருக்க வேண்டும், ஓரத்தில் கொடுத்தான். டீக்கடையில், ரேஷன் கடையில், அவன் தங்கையின் வளைகாப்பில்கூட அந்தப் பந்தைப் பற்றி யாராவது ஒருவர் அவனிடம் கேட்டிருக்கிறார்கள்.

திரையில் அரங்கம் விரிந்தது. அதே கூட்டம், அதே மேளம். வலையோரம் பெர்க்மான்ஸ் நின்றான். காதோர நரை வரை எந்திரம் சரியாக வரைந்திருந்தது.

நிழல் பெர்க்மான்ஸ் பிரமாதமாக ஆடினான். தலைக்குப் பின்னால் பார்க்காமலேயே பந்தைத் தள்ளினான். ஒருமுறை அடிப்பவனுக்குக் கொடுப்பதுபோல எழும்பி, எதிர்ப்பக்கம் காலியாக இருந்த இடத்தில் மெல்லத் தட்டிவிட்டான். ஷில்லாங்கின் உயரமான தடுப்பாளர்கள் ஆள் இல்லாத இடங்களில் குதித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பந்து வந்தது. நிழல் அதை நடுவில் கொடுத்தான். ஆட்டம் முடிந்தது, கடலோடிகள் வென்றிருந்தார்கள்.

சுடலைமுத்து பெர்க்மான்ஸின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "பாத்தீயளா சார், நான் வாயால சொன்னதத்தான ஒங்க மெசினு கரண்டு செலவழிச்சுச் சொல்லுது."

ரகோத்தமன் முகத்தில் நிம்மதி. இன்னும் நான்கைந்து ஆட்டங்களை ஓட்டிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் நிழல் நன்றாகவே ஆடியது. தளவாய் தன் தூளியின் முடிச்சைச் சரிசெய்தபடி, "நான் இல்லாம நல்லாத்தான்ல ஆடுதீய" என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் அதற்குப் பிறகு அவன் திரையைப் பார்க்கவில்லை. சூரியத் தகடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெர்க்மான்ஸுக்கும் உள்ளே ஏதோ அரித்தது. முதலில் அது வெட்கம் என்று நினைத்தான். பிறகு, தலைக்குப் பின்னால் தள்ளும் அந்தப் பந்தை இன்னொரு முறை ஓட்டச் சொன்னான். தள்ளுவதற்கு முன் நிழலின் இடது முட்டி லேசாக மடங்கியது. அந்த முட்டியை அவனுக்குத் தெரியும். அது கோட்டயம் அணியின் ஜோமோனுடைய முட்டி. எதிர்ப்பக்கம் தட்டிவிடுமுன் முகவாயைத் தோள்பக்கம் திருப்பியது சூரத்தின் ஹர்ஷத். பந்து இறங்கும்வரை நாக்கைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு நின்றது ஷில்லாங்கின் பன்டெய்லாங்.

ஒரு பாம்பு சட்டையுரிப்பதைப் போல அத்தனை வருசங்களும் அவன் கண்முன் கழன்று விழுந்தன.

கடலோடிகள் அணியில் ஒரு வழக்கம் உண்டு. திங்கட்கிழமை காலை, அடுத்து மோதப்போகும் அணியின் செட்டருடைய காணொளிகளைப் பெர்க்மான்ஸிடம் கொடுத்துவிடுவார்கள். செவ்வாயன்று அவன் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு களத்தின் மறுபக்கம் போய் நிற்பான். அந்த வாரம் முழுக்க அவன்தான் அந்தச் செட்டர். அவனைத் தடுத்துப் பழகிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அசலைத் தடுப்பது சுலபம். மஞ்சள் சட்டையில் இருக்கும்வரை அவனைச் சொந்தப் பெயரில் கூப்பிடக் கூடாது என்று யாரோ ஆரம்பித்து வைத்தது, சாப்பாட்டு மேசைவரை வந்துவிட்டது. "ஏ கோட்டயம், அந்த ரசத்த இங்கிட்டுத் தள்ளு" என்பான் தளவாய். கோட்டயம் வாரத்தில் அவன் சமையல்காரரிடம் மலையாளத்தில் சண்டை போடுவான். ஷில்லாங் வாரத்தில் காரணமில்லாமல் முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பான். ஜெயித்தால் எல்லாரும் அவனைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பார்கள். தோற்றால், "நீ ஒழுங்கா ஹர்ஷத்தா இருந்திருந்தா நாங்க தோத்திருப்பமால" என்று பேருந்து முழுக்க வசவு.

அவை சந்தோசமான வாரங்கள். மழை பெய்துகொண்டிருந்த ஒரு கார்த்திகை மாதத்தில் ஜோமோனாக இருந்தது நினைவுக்கு வந்தது. அந்தப் பின்தள்ளல் வராமல் வராமல், கடைசியில் ஒரு வியாழக்கிழமை முட்டியின் ரகசியம் பிடிபட்டபோது, பூட்டிய வீட்டுக்குள் சாவி போட்டு நுழைந்ததுபோல இருந்தது. மூலையில் நிற்பவன் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவன் மனதுக்குள், நான் எத்தனை பேராக இருந்திருக்கிறேன் தெரியுமா என்று சிரித்துக்கொள்வான்.

இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை களம் அவனுடையது. இத்தனை வருசமாக அவன் கேட்டது அது ஒன்றைத்தான். பக்கத்தில் தளவாய் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது நான் இல்ல சார்," என்றான் பெர்க்மான்ஸ்.

ஒவ்வொரு பந்தாக நிறுத்தி, இது இன்னார், இது இன்னார் என்று பெயர் சொன்னான். தளவாய் திரும்பிப் பார்த்தான். அஃப்ரின் முகம் வெளுத்தது. உணரி நூலுக்கு உடம்பு தெரியும், உடம்பு யாராக நடித்தது என்று தெரியாது; மஞ்சள் சட்டை வழக்கத்தை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அது இங்கே எல்லாருக்கும் அவ்வளவு பழகிப்போன விசயம், சொல்ல வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

சுடலைமுத்து விடவில்லை. "கை அவன் கை. முட்டி அவன் முட்டி. எவன்கிட்ட படிச்சா என்ன? நான்கூட ஒருத்தர்ட்டதான் படிச்சேன்."

"நீங்க படிச்சீங்க சார், அப்புறம் உங்க ஆட்டம் ஆடினீங்க," என்றார் ரகோத்தமன். "இவர் வாராவாரம் ஆள் மாறியிருக்காரு. ஞாயித்துக்கிழமை எதிர்ல நிக்கிறது நிஜ ஹர்ஷத். அன்னைக்கு இவர் யாரு?"

மஞ்சள் சட்டை வாரங்களை எல்லாம் கழித்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்றாள் அஃப்ரின். கழித்தபின் மிஞ்சியவை உடம்பைச் சூடாக்கும் ஓட்டங்கள், தளவாய்க்குத் துண்டு நீட்டிய தருணங்கள், முடிந்துபோன ஆட்டங்களின் சில நிமிடங்கள். ஓட்டினாள்.

மறுபடியும் அரங்கம், மேளம். முதல் பந்து மேலே எழும்பி வந்தது. நிழல் பெர்க்மான்ஸ் பந்தைப் பார்த்தான். கையைத் தூக்கவில்லை. பந்து அவன் காலடியில் விழுந்து உருண்டது. அடுத்த பந்தும் அப்படியே. அவன் முகத்தோடு, அவன் நரையோடு, அது அங்கே சும்மா நின்றது.

"தகவல் போதல அண்ணே. அதான்," என்றாள் அஃப்ரின். அவசரமாகத் திரையை அணைத்தாள்.

அன்று மாலையே ரகோத்தமன் கோட்டயத்துக்குப் பேசினார். மாற்றாட்டத்தின் கணக்குப்படி, இரவல் கிடைக்கக்கூடியவர்களில் மிகச் சிறந்த செட்டர் ஜோமோன்.

ஜோமோன் புதன்கிழமை ரயிலில் வந்து இறங்கினான். காணொளியில் பார்த்ததைவிடத் தடித்திருந்தான். தலை பாதி வழுக்கை. பெர்க்மான்ஸ் அவனை இதற்கு முன் வலைக்கு அந்தப் பக்கம்தான் பார்த்திருக்கிறான். கை குலுக்கியபோது, கண்ணாடியில் பிம்பம் கையை நீட்டிய மாதிரி ஒரு கணம் கூசியது.

வழக்கப்படி பெர்க்மான்ஸ் அந்த வாரம் ஹர்ஷத். களத்தின் மறுபக்கம் நின்று, ஜோமோன் தன் ஆட்களுக்குப் பந்து தூக்குவதைப் பார்த்தான். பிழை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒருமுறைகூட அந்தப் பின்தள்ளல் வரவில்லை.

மறுநாள் பயிற்சிக்கு முன்பு, அரங்கத்தின் படிக்கட்டில் தேநீர்க் குவளையோடு ஜோமோன் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கோட்டயத்தில் இப்போது ஒரு புதுப் பையன்தான் முதல் செட்டர், தான் மூலைக்குப் போய் ஒரு வருசம் ஆகிறது என்றான். மூலையில் நிற்க ஒரு தனிப் பொறுமை வேண்டும், அது தனக்கு வரவில்லை என்றான். இங்கே தன்னைக் கூப்பிட்டபோது நம்பவே முடியவில்லையாம். பிறகு, பெர்க்மான்ஸ் தன்னைப் போலவே ஆடுவான் என்று தளவாய் சொன்னதை வைத்து, ஆடிக் காட்டச் சொல்லிக் கேட்டான்.

"நீங்க என்னை எடுக்கும்னு பறஞ்சாங்க. ஒண்ணு காணிக்க முடியுமா?"

பெர்க்மான்ஸுக்குக் கூச்சமாக இருந்தது. மறுத்தான். ஜோமோன் குவளையை வைத்துவிட்டு, தானே ஒரு பந்தை எடுத்துக்கொண்டு களத்துக்குள் போய் நின்றான். வேறு வழியில்லாமல் பெர்க்மான்ஸ் வலையோரம் போனான். ஜோமோன் பந்தை உயர எறிந்தான். இடது முட்டி மடங்கியது. பந்து தலைக்குப் பின்னால், பார்க்காமலேயே, கயிறு கட்டி இழுத்ததுபோலப் போய் மூலையில் இறங்கியது.

ஜோமோன் இன்னொரு பந்தை எறிந்தான். பிறகு இன்னொன்று. கூடையிலிருந்த பந்துகள் தீரும்வரை எறிந்தான். இதற்குள் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து ஓரத்தில் நிற்க ஆரம்பித்திருந்தார்கள். சுடலைமுத்து, ரகோத்தமன், அஃப்ரின் எல்லாரும் இருந்தார்கள்.

"ஆ முட்டி," என்று கடைசியில் சொன்னான் ஜோமோன். "நான் முட்டியை மடக்கும்னு எனக்கே ஓர்மை இல்ல கேட்டோ, மறந்துபோச்சு. முட்டி ஆபரேசனுக்கு அப்புறம் அது போச்சு. என்ன போச்சுன்னு தெரியாம ரெண்டு வருசம் தேடிட்டிருந்தேன்."

அவன் கண்கள் கலங்கியிருந்தன. அதை மறைக்கவும் இல்லை. ரகோத்தமன் பக்கம் திரும்பினான்.

"சாரே, உங்க மெசின் நல்லவன்னு சொன்ன ஜோமோன் நான் இல்ல. அது பழைய ஆள். அவன் இங்கதான் இருக்கான்."

அன்று மதியமே அவன் ஊருக்குப் புறப்பட்டான். போகும்போது பெர்க்மான்ஸின் தோளைப் பிடித்து, உங்களுடைய பந்து எது என்று கேட்டான்.

வேறொருவரைத் தேட வெள்ளிக்கிழமை முழுக்க இருந்தது. ரகோத்தமன் தேடவில்லை. மாற்றாட்டம் ஒருவனிடம் பழசைப் பார்க்கிறது, இன்னொருவனிடம் ஊரான் வீட்டுச் சொத்தைப் பார்க்கிறது, இதை நம்பி நான் யாரைத் தேடுவது என்று சலித்துக்கொண்டார். முதலாளிகளிடம் என்ன சொன்னாரோ தெரியாது.

சனிக்கிழமை, பெர்க்மான்ஸ் பயிற்சியாளரைத் தனியே பிடித்தான். நேராகவே கேட்டான். "நாளைக்கு நான் யாரா ஆடட்டும் சார்?"

சுடலைமுத்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எனக்கென்னல தெரியும். வாரவன் வரட்டும்."

ஞாயிறு மாலை அரங்கம் நிரம்பி வழிந்தது. மூலையில், தூளியோடு தளவாய் நின்றான். பழக்கமில்லாத இடத்தில் எப்படி நிற்பது என்று தெரியாமல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். வலைக்கு அந்தப் பக்கம் நிஜமான ஹர்ஷத்.

முதல் செட்டில் பெர்க்மான்ஸுக்குள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து வந்தார்கள். முட்டி ஜோமோனிடம் போயிற்று, முகவாய் ஹர்ஷத்திடம் போயிற்று, பந்து யாரிடமும் போகவில்லை. நடுவில் அடிக்கும் இசக்கிராஜா இருமுறை காற்றை அடித்துவிட்டு அவனை முறைத்தான். அந்த செட் போயிற்று. கூட்டத்தில் யாரோ தளவாயின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

இரண்டாவது செட்டில் எந்த இடத்தில் மாறியது என்று பிறகு யோசித்தும் அவனுக்குப் பிடிபடவில்லை. பந்து கோணலாக வந்த ஒரு சமயம், யாரையும் கூப்பிட நேரமில்லாமல் போனது. ஓடினான், தூக்கினான், இசக்கிராஜா அடித்தான். அடுத்ததும் அப்படி. வேர்வை கண்ணில் இறங்க, இசக்கிராஜாவின் மூச்சு கேட்க, அவனுக்கு எது வேண்டுமோ அதைக் கொடுத்துக்கொண்டிருந்தான். பார்க்க அழகாக இருந்ததா, முழங்கை எப்படி விரிந்தது என்றெல்லாம் அவனுக்குத் தெரியாது. சூரத்தின் தடுப்பாளர்கள் தாமதமாகக் குதித்தார்கள். இரண்டாவது செட் கடலோடிகளுக்கு வந்தது. மூன்றாவதும் வந்தது.

இடைவேளையில் தளவாய் துண்டை நீட்டினான். இடது கையால் நீட்டியதால் அது தரையில் விழுந்தது. "இது லேசுன்னு நெனச்சேன்ல" என்று முனகினான். பெர்க்மான்ஸ் சிரித்துக்கொண்டே குனிந்து துண்டை எடுத்தான். நிமிர்ந்தபோது, வலையின் கண்ணிகளுக்கு ஊடாக எதிரணியின் மூலை தெரிந்தது.

அங்கே ஒல்லியாக ஒருவன் நின்றுகொண்டிருந்தான். சூரத்தின் இரண்டாவது செட்டர். இந்தப் பருவத்தில் அவன் களத்தில் இறங்கியதே இல்லை. பெர்க்மான்ஸுக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. யாரும் அவனைக் கவனிக்கவில்லை. அவன் தன்பாட்டுக்கு இல்லாத ஒரு பந்தைத் தூக்கிக்கொண்டிருந்தான். வலது குதிகால் லேசாக உயர்ந்தது, முழங்கைகள் வழக்கத்தைவிட அகலமாக விரிந்தன, பந்தை அனுப்பியபின் இரண்டு உள்ளங்கைகளும் யாருக்கோ எதையோ கொடுத்துவிட்டதுபோல ஒரு கணம் திறந்தே நின்றன. திருப்தியில்லாமல் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து செய்தான்.

இந்தக் கைகளை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று பெர்க்மான்ஸ் யோசித்தான். கோட்டயம் இல்லை. ஷில்லாங் இல்லை. தளவாயும் இல்லை. தான் இருந்த ஆட்களை எல்லாம் ஒவ்வொருவராகத் தட்டிப் பார்த்தான், ஒருவரும் இல்லை. நடுவர் விசில் ஊதினார். சுடலைமுத்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அந்த ஒல்லிக்காரன் முழங்கைகளை இன்னும் கொஞ்சம் அகட்டி வைத்து, நிமிர்ந்து, சரியா என்று கேட்பதுபோல நேராகப் பெர்க்மான்ஸையே பார்த்தான்.